1024×768-இல் மாட்டிக்கொண்ட மானிட்டர்: பழைய என்விடியா கார்டு வைத்திருப்பவர் லினக்ஸில் எந்த வழியில் போகலாம்?

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் மின்ட் போட்டாயிற்று. உள்ளே இருப்பது என்விடியா ஜிடி 710 மாதிரி ஒரு சின்ன கார்டு. மேஜை மேல் 1920×1080 மானிட்டர். ஆனால் திரை 1024×768-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. எழுத்துகள் பக்கவாட்டில் இழுபட்டு மங்கித் தெரிகின்றன. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அதைவிடப் பெரிய எண்ணே கிடையாது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "கிராஃபிக்ஸ் டிரைவர் போடுங்க, சரியாயிடும்."

சில நேரம் சரியாகும். பல நேரம் ஆகாது. டிரைவர் போட்டதாலேயே 1024-க்கு இறங்கிய கணினிகளும் உண்டு. அது எப்படி என்று கீழே சொல்கிறேன். உங்கள் முன்னால் உண்மையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. கேபிளை மாற்றலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வரும் நூவோ என்ற திறந்த மூலநிரல் டிரைவரிலேயே இருந்துவிடலாம். என்விடியாவின் பழைய டிரைவரைப் போடலாம். ரெசல்யூஷனைக் கையால் திணிக்கலாம். அல்லது கார்டையே கழற்றிவிட்டு மதர்போர்டில் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸுக்குப் போகலாம். இவை ஒரே நோய்க்கான ஐந்து மருந்துகள் அல்ல. ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறுக்கு உரியது என்பதால், எது சிறந்தது என்று கேட்பதற்கு முன் உங்களிடம் இருப்பது எந்தக் கோளாறு என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பட்டியலே காட்டிக்கொடுக்கும்

லினக்ஸில் திரையைக் கையாள எக்ஸ்11 என்ற பழைய ஏற்பாடும் வேலேண்ட் என்ற புதிய ஏற்பாடும் உண்டு. எக்ஸ்11 அமர்வில் டெர்மினலைத் திறந்து எக்ஸ்ரேண்டர் (xrandr) என்று அடியுங்கள். எந்த போர்ட்டில் என்ன ரெசல்யூஷன் கிடைக்கிறது என்ற பட்டியல் வரும். (வேலேண்ட் அமர்வில் இருந்தால் போர்ட் பெயருக்குப் பதிலாக எக்ஸ்வேலேண்ட் என்று தொடங்கும் பெயர்கள் வரலாம்; எப்படியும் அந்தப் பட்டியலை நம்பாதீர்கள்.)

பட்டியலில் 1024×768, 800×600, 848×480, 640×480 என்று மட்டும் இருக்கிறதா? அந்த 848×480-ஐக் கவனியுங்கள். யாரும் கேட்காத அந்த விசித்திரமான எண் அங்கே வந்ததற்குக் காரணம், மானிட்டர் எதுவுமே சொல்லவில்லை என்பதுதான். மானிட்டரிடமிருந்து தகவல் வராதபோது கெர்னல் தன் கைவசம் இருக்கும் பொதுவான பட்டியலில் 1024×768 வரைக்குமானதை எடுத்துப் போட்டுவிடும். டிரைவர் ஒழுங்காக ஓடுகிறது. பேச்சு மட்டும் அறுந்திருக்கிறது. இங்கே புது டிரைவர் போட்டுப் பயனில்லை.

இன்னொரு வகை: பட்டியலில் ஒரே ஒரு ரெசல்யூஷன்தான் இருக்கும். போர்ட்டின் பெயர் விஜிஏ, எச்டிஎம்ஐ என்று இல்லாமல் "டிஃபால்ட்" என்றோ "நன்-1" என்றோ இருக்கும். காமா அளவை எடுக்க முடியவில்லை என்று மேலே ஒரு புலம்பலும் வரலாம். இதற்குப் பொருள், உண்மையான கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவே இல்லை. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ வரைந்து கொடுத்த திரையிலேயே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. சிஸ்டம் தகவலில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று எழுதியிருந்தால் இது உறுதி. படம் வரையும் வேலை முழுவதையும் பிராசஸரே செய்கிறது.

மூன்றாவது வகையில் 1920×1080 இருக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்த்த 4கே-யோ 144 ஹெர்ட்ஸோ இருக்காது. அது பெரும்பாலும் கேபிள், போர்ட் இவற்றின் கொள்ளளவு பற்றிய விஷயம்.

இதோடு எல்எஸ்பிசிஐ கட்டளையை "மைனஸ் கே" சேர்த்து (lspci -k) ஓட்டினால், கார்டின் பெயருக்குக் கீழே எந்த கெர்னல் டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒரு வரி வரும். நூவோ, என்விடியா, ஐ915, ஏஎம்டிஜிபியு என்று ஏதாவது இருக்க வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் இரண்டாவது வகைதான்.

மானிட்டர் பேசாதபோது: கேபிள்

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஈடிஐடி என்ற சிறிய தரவுத் துண்டு இருக்கிறது. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1994-இல் கொண்டுவந்த தரம் இது. அடிப்படைப் பகுதி 128 பைட். புதிய மானிட்டர்களில் அதோடு கூடுதல் பகுதிகளும் இருக்கும். தயாரிப்பாளர் யார், இயல்பான ரெசல்யூஷன் எது, எந்தெந்த ஹெர்ட்ஸ் தாங்கும், பிக்சல் கடிகாரத்தின் உச்ச வரம்பு என்ன என்று மானிட்டரின் ஜாதகமே அதில் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு ஐ2சி என்ற மெல்லிய தொடர்பு வழியே இதைப் படிக்கிறது. விஜிஏ கேபிளில் அந்தத் தொடர்பு 12, 15 ஆகிய பின்களில் போகிறது. எச்டிஎம்ஐ-யில் 15, 16.

சிக்கல் இங்கேதான். விஜிஏ-வில் நிறங்களும் சிங்க் சிக்னலும் வேறு பின்களில் போவதால், 12-ஓ 15-ஓ இல்லாவிட்டாலும் படம் வந்துவிடும். மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்தப் பின்களுக்கான கம்பியே இருக்காது. சிலவற்றில் பின் வளைந்து உள்ளே போயிருக்கும். இரண்டு கேபிளை இணைக்கும் நீட்டிப்பு, ஒரு மானிட்டரை இரண்டு சிபியூ-வுக்குப் பகிரும் சுவிட்ச், எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் என எது நடுவில் வந்தாலும் ஈடிஐடி அங்கே தொலைய வாய்ப்பு உண்டு. விண்டோஸில் இதே கேபிள் வேலை செய்ததே என்று கேட்பார்கள். முன்பு ஒருமுறை சேமித்த அமைப்பைக் கொண்டு அது ஓட்டியிருக்கலாம். அதனால் "விண்டோஸில் சரி, லினக்ஸில் தவறு" என்பதை மட்டும் வைத்து டிரைவர் மேல் பழி போட முடியாது.

ஈடிஐடி வருகிறதா என்று நேரடியாகவே பார்க்கலாம். சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போனால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு கோப்புறை இருக்கும். அதனுள் ஈடிஐடி என்ற கோப்பு. எல்எஸ் கட்டளையில் அதன் அளவு எப்போதும் 0 என்றுதான் காட்டும், அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கோப்பைப் படித்து எத்தனை பைட் வருகிறது என்று எண்ண வேண்டும். 128 அல்லது 256 வந்தால் மானிட்டர் பேசுகிறது. உண்மையிலேயே 0 என்றால் பேசவில்லை. பைட்டுகள் வந்தும் சரியில்லை என்றால், 128 பைட்டுகளின் கூட்டுத்தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்ற விதி தவறியிருக்கலாம். கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் ஈடிஐடி செக்சம் பிழை என்று புகார் இருக்கும்.

என் கணிப்பில், விஜிஏ கேபிளோடு 848×480-ஐப் பார்த்தவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் சரி. முடிந்தால் டிவிஐ அல்லது எச்டிஎம்ஐ-க்கு நேரடியாக மாறிவிடுங்கள். ஜிடி 710 கார்டுகள் பலவற்றில் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றும் இருக்கின்றன. பலர் வீட்டில் மானிட்டரோடு வந்த எச்டிஎம்ஐ கேபிள் பிரிக்காமலே பெட்டியில் கிடக்கும்.

டிரைவர் ஏறாதபோது: முதலில் நோமோட்செட்

நிறுவும்போது கறுப்புத் திரை வந்ததால் உபுண்டுவில் "சேஃப் கிராஃபிக்ஸ்", மின்ட்டில் "காம்பேட்டிபிலிட்டி மோட்" தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அவை கெர்னலுக்கு நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லை அனுப்புகின்றன. ரெசல்யூஷனை மாற்றும் வேலையைச் செய்யாதே என்று கெர்னலுக்குச் சொல்வது அது. நிறுவி முடிந்த பிறகும் அந்தச் சொல், லினக்ஸை பூட் செய்யும் கிரப் என்ற நிரலின் அமைப்பில் ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டால், நூவோ, ஐ915 போன்ற கெர்னல் டிரைவர்கள் தங்கள் வேலையைச் செய்ய முடியாது. இடிசி கோப்புறையில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் கிரப் கோப்பைத் திறந்து, அந்தச் சொல்லை அழித்து, அப்டேட்-கிரப் ஓட்டி, மறுதொடக்கம் செய்யுங்கள். இதற்கு மாற்று வழி ஒன்றையும் ஒப்பிட வேண்டியதில்லை.

நூவோவா, என்விடியாவின் பழைய டிரைவரா?

சரி, இப்போதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்விக்கு வருகிறோம்.

கார்டின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். சிப்பின் குறியீட்டைப் பாருங்கள். எல்எஸ்பிசிஐ பட்டியலில் ஜிகே என்று தொடங்கினால் கெப்ளர் தலைமுறை. ஜிஎஃப் என்றால் ஃபெர்மி. ஜிடி218 போன்றவை அதற்கும் முந்திய டெஸ்லா. ஜிஎம் மேக்ஸ்வெல், ஜிபி பாஸ்கல், டியு டூரிங். பெயரை நம்ப முடியாததற்கு ஜிடி 730 ஒன்றே போதும்: அதே பெயரில் ஃபெர்மி சிப்போடும் கெப்ளர் சிப்போடும் கார்டுகள் விற்றிருக்கிறார்கள். இரண்டுக்கும் தேவைப்படும் டிரைவர் வேறு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பழைய கார்டு வாங்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

என்விடியாவின் சொந்த டிரைவர் கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு கட்டத்தில் கதவைச் சாத்திவிடும். டெஸ்லாவுக்கு 340 கிளை; அதன் ஆதரவு 2019-ஓடு முடிந்தது. ஃபெர்மிக்கு 390, 2022-இல் முடிந்தது. கெப்ளருக்கு 470, 2024-இல் முடிந்தது. மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு 580 கிளைதான் கடைசி. ஆதரவு முடிந்தால் என்ன, பழைய டிரைவரையே வைத்துக்கொள்கிறேன் என்று தோன்றும். விண்டோஸில் அது பெரிய அளவில் பலிக்கும். லினக்ஸில் பலிக்காது, ஏனென்றால் கெர்னலின் உள் இடைமுகங்கள் ஒவ்வொரு பதிப்பிலும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கெர்னலுக்கு வெளியே இருந்து வரும் என்விடியா மாட்யூலை, அதாவது கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டை, ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யப் பார்க்கும். இடைமுகம் மாறியிருந்தால் கம்பைல் தோற்கும்.

தோற்றால் என்ன ஆகும்? இங்கேதான் முன்பு சொன்ன விஷயம் வருகிறது. என்விடியா டிரைவரை நிறுவும்போது அது நூவோவைத் தடைப் பட்டியலில் போட்டுவிடும். இரண்டும் ஒரே கார்டைப் பிடிக்கக்கூடாது என்பதால். என்விடியா மாட்யூல் உருவாகவில்லை, நூவோவுக்கும் அனுமதி இல்லை. மிச்சம் இருப்பது யுஇஎஃப்ஐ வரைந்து கொடுத்த திரை மட்டும்தான். காலையில் அப்டேட், மாலையில் 1024×768. கையெழுத்திட்ட நிரலை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் இதே கதை இன்னொரு வாசல் வழியாக வரும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, மறுதொடக்கத்தில் நீலத் திரையில் மாக் என்ற கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். பலர் அது என்னவென்று புரியாமல் "தொடர்ந்து பூட் செய்" என்பதை அழுத்திவிடுவார்கள். கையெழுத்து பதிவாகாத மாட்யூலை கெர்னல் ஏற்றாது. முடிவு அதேதான்.

அப்படி மாட்டிக்கொண்டவர்கள் கிரப் மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குப் போய் முந்தைய கெர்னலில் பூட் செய்து பார்க்கலாம். அங்கே ரெசல்யூஷன் சரியாக இருந்தால் காரணம் கம்பைல் தோல்விதான். கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெடர் தொகுப்பு இல்லாமல் போனதாகவும் இருக்கலாம்; அது எளிதில் தீரும்.

ஜிடி 710 கார்டில் 470 போடுவதால் கிடைப்பது என்ன? கார்டு தன் முழு வேகத்தில் ஓடும். வீடியோ டீகோடிங் வன்பொருளிலேயே நடக்கும். கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் பழைய கூடா வேலைகள் ஏதாவது இருந்தால் அவையும் நடக்கும். இழப்பது வேலேண்ட். வேலேண்ட் எதிர்பார்க்கும் ஜிபிஎம் என்ற பொதுவான இடைமுகத்துக்கு என்விடியா 495 கிளையில்தான் வந்தது. 470 அதற்கு முந்தியது என்பதால் நடைமுறையில் எக்ஸ்11 மட்டும்தான் அதற்குப் பிடிமானம். உபுண்டு 25.10-இல் அதன் டெஸ்க்டாப் சூழலான க்னோமின் எக்ஸ்11 அமர்வையே எடுத்துவிட்டார்கள். புதிய க்னோமும் 470-உம் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். மின்ட்டின் சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்கள் இரண்டும் எக்ஸ்11-இல் நன்றாக ஓடுவதால் 470 தேவைப்படுகிறவர்களுக்கு அவையே வசதி. கெர்னலும் பழையதாக இருந்தால் நல்லது: 5.15 கெர்னலோடு வந்த உபுண்டு 22.04, அதை அடிப்படையாகக் கொண்ட மின்ட் 21 வரிசை, 6.1 கெர்னலோடு வந்த டெபியன் 12. உபுண்டுவில் அந்த 5.15 வரிசையிலேயே இருந்துகொண்டால், இவற்றில் கெர்னல் பெரிதாகத் தாவாது, ஆகவே டிரைவரும் உடையாது. ஃபெடோரா, ஆர்ச் போன்று கெர்னல் ஓடிக்கொண்டே இருக்கும் டிஸ்ட்ரோக்களில் 470-ஐ வைத்துக் குடும்பம் நடத்துவது பொறுமைசாலிகளுக்கான வேலை.

நூவோவின் பலம் இதற்கு நேர் எதிர். அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 2010-இல் 2.6.33 பதிப்பில் சேர்ந்தது. கெர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறும், உடையாது. மாக், டிகேஎம்எஸ், தடைப் பட்டியல் எதுவும் கிடையாது. வேலேண்ட், எக்ஸ்11 இரண்டும் வேலை செய்யும். ரெசல்யூஷனை மாற்றும் வேலையில், இந்தக் கட்டுரையின் கவலையே அதுதான், கெப்ளர், ஃபெர்மி கார்டுகளில் நூவோ தரமாகவே இருக்கிறது. குறை வேகத்தில். கார்டு பூட் ஆன கடிகார வேகத்திலேயே நின்றுவிடும். கெப்ளரில் அதைக் கையால் உயர்த்த டீபக்எஃப்எஸ் என்ற கெர்னல் சோதனைக் கோப்புறை வழியே ஒரு வாசல் இருக்கிறது, ஆனால் தினமும் புழங்கக்கூடிய வசதி அல்ல. வீடியோ டீகோடிங்குக்கு என்விடியா டிரைவரிலிருந்து ஃபர்ம்வேரை, அதாவது கார்டுக்குள் ஓடும் நிரலை, பிரித்து எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலானோர் அந்த வம்புக்குப் போகாமல் பிராசஸரையே பார்க்க வைத்துவிடுவார்கள்.

2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டினார். அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூலின் மூலநிரலைத் திறந்தது. ஆனால் அது டூரிங் தலைமுறையிலிருந்துதான். ஜிடி 710 வைத்திருப்பவருக்கு அந்தத் திறப்பால் நேரடியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தக் கணக்கில் உண்மையிலேயே பாவப்பட்டவர்கள் கெப்ளர்காரர்கள் அல்ல, ஜிடிஎக்ஸ் 1050, 1060 வைத்திருக்கும் பாஸ்கல்காரர்கள். 900 வரிசையிலிருந்து என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கடிகார வேகத்தை உயர்த்த முடியாதபடி செய்துவிட்டது. டூரிங்கிலிருந்து ஜிஎஸ்பி என்ற ஃபர்ம்வேர் வழியாக நூவோவுக்கு அந்தக் கதவு திறந்தது, கெர்னல் 6.7-இல் அதற்கான ஆதரவு சேர்ந்தது. நடுவில் இருக்கும் மேக்ஸ்வெல் இரண்டாம் கட்டமும் பாஸ்கலும் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நூவோவில் அவை மந்தமாகத்தான் ஓடும், என்விடியா பக்கம் 580-ஓடு நின்றுவிடும். இப்போதைக்கு அவர்கள் 580-இலேயே இருப்பது நல்லது.

ஜிடி 710, கெப்ளர் ஜிடி 730 என்றால், பிரவுசர், ஆஃபீஸ் வேலை, படம் பார்ப்பது இவ்வளவுதான் தேவை என்பவர்களுக்கு என் தேர்வு நூவோ. ஃபெர்மியும் டெஸ்லாவும் வைத்திருப்பவர்கள் 390, 340 பக்கமே போக வேண்டாம். விளையாட்டோ கூடாவோ வேண்டும் என்பதற்காக ஜிடி 710-இல் 470 போடுவது பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் கார்டின் மின்நுகர்வே 19 வாட்தான். முழு வேகத்தில் ஓடினாலும் பெரிதாக எதையும் சாதிக்கப்போவதில்லை.

கையால் திணிப்பது: மூன்று இடங்கள்

கேபிளை மாற்ற முடியவில்லை. சுவருக்குள் ஓடுகிறது, அல்லது புரொஜெக்டர் மேலே தொங்குகிறது. மானிட்டர் 1920×1080 தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும், கெர்னலுக்குத் தெரியாது. அப்போது நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதிகம் பேர் பயன்படுத்துவது எக்ஸ்ரேண்டர் வழி. சிவிடி கட்டளையில் 1920 1080 60 என்று கொடுத்தால் ஒரு மோட்லைன், அதாவது அந்த ரெசல்யூஷனுக்கான நேரக்கணக்கு வரி, வரும். அதை நியூமோட் என்று சேர்த்து, ஆட்மோட் என்று போர்ட்டோடு இணைத்து, பிறகு அந்த மோடுக்கு மாற வேண்டும். இணையத்தில் பார்க்கும் வழிகாட்டிகள் எல்லாம் இதையே சொல்கின்றன. பலருக்கு இது வேலை செய்யாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

பிக்சல் கடிகாரம் என்பது ஒரு நொடியில் எத்தனை பிக்சல் அனுப்பப்படுகிறது என்ற கணக்கு. கண்ணுக்குத் தெரியும் 1920×1080-ஐச் சுற்றித் தெரியாத ஒரு விளிம்பும் உண்டு; பழைய பிக்சர் டியூப் காலத்தில் மின்கற்றை திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தின் மிச்சம் அது. சிவிடி சூத்திரம் அந்த விளிம்பைத் தாராளமாக வைத்து 2576×1120 ஆக்குகிறது. 60-ஆல் பெருக்கினால் 173 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஒற்றை இணைப்பு டிவிஐ-யும் எச்டிஎம்ஐ 1.2 வரையான போர்ட்டுகளும் தாங்குவது 165 மெகாஹெர்ட்ஸ்தான். பல முழு எச்டி மானிட்டர்கள் தங்கள் உச்ச வரம்பை 170 என்றே அறிவித்திருக்கின்றன. ஆக, வழிகாட்டி சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாலும் "இன்புட் நாட் சப்போர்டட்" வந்து நிற்கும்.

தொலைக்காட்சிகளும் மானிட்டர்களும் உண்மையில் பயன்படுத்தும் 1080 வரிசையின் அளவு 2200×1125. அறுபதால் பெருக்கினால் 148.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 165-க்குள். சிவிடி கட்டளையில் "மைனஸ் ஆர்" சேர்த்தால் விளிம்பு இன்னும் குறைந்து 2080×1111, கடிகாரம் 138.5. டிஜிட்டல் இணைப்புக்கு இரண்டுமே சரி. விஜிஏ-வில் மெல்லிய விளிம்பைச் சில மானிட்டர்கள் ஒழுங்காகப் பிடிக்காமல் படத்தை ஓரமாகத் தள்ளிவிடும். அதனால் அங்கே 148.5-ஐயே கையால் கொடுங்கள்: கடிகாரம் 148.5, கிடையாக 1920 2008 2052 2200, செங்குத்தாக 1080 1084 1089 1125, இரண்டு சிங்க்கும் பிளஸ்.

எக்ஸ்ரேண்டரின் குறை, மறுதொடக்கத்தில் எல்லாம் போய்விடும். எக்ஸ்புரொஃபைல் கோப்பில் போட்டு ஒவ்வொரு முறையும் ஓட வைக்கலாம், ஆனால் லாகின் திரை அதுவரை 1024-இலேயே இருக்கும். வேலேண்டில் இது செல்லவே செல்லாது. என்விடியாவின் சொந்த டிரைவரில் நியூமோட் பெரும்பாலும் பிழையைத்தான் தரும், அது தன் சொந்தச் சரிபார்ப்பைத் தவிர எதையும் ஏற்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: "ஸ்கேல்" சேர்த்து 1024-ஐ 1920 மாதிரி காட்டும் தந்திரத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது படத்தைச் சுருக்கிக் காட்டுவதுதான். மானிட்டருக்குப் போவது அதே 1024; கண் வலிதான் மிச்சம்.

இரண்டாவது இடம் கிரப். கெர்னல் வரியில் வீடியோ என்று எழுதி, சமக்குறி போட்டு, போர்ட் பெயர், முக்காற்புள்ளி, ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ் என்று கொடுக்கலாம். பூட் ஆகும்போதே அமலுக்கு வரும். எக்ஸ்11, வேலேண்ட் இரண்டுக்கும் பொருந்தும், லாகின் திரையும் சரியாக வரும். ஆனால் இங்கே மோட்லைனை நாமே எழுத முடியாது. வெறுமனே கொடுத்தால் ஜிடிஎஃப் என்ற பழைய சூத்திரத்தில் 172.8 மெகாஹெர்ட்ஸ் வரும். ரெசல்யூஷனுக்குப் பின்னால் எம் என்ற எழுத்தைச் சேர்த்தால் சிவிடி, அதாவது 173. எம், ஆர் இரண்டையும் சேர்த்தால் 138.5. நமக்கு வேண்டிய 148.5 இந்த வழியில் கிடைக்காது. டிஜிட்டல் போர்ட்டுக்கு எம்ஆர் போதும். விஜிஏ-வில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மூன்றாவது, ஈடிஐடி கோப்பையே கொடுத்துவிடுவது. மானிட்டர் பேசாவிட்டால் என்ன, அது சொல்லியிருக்க வேண்டியதை நாம் கோப்பாக வைக்கிறோம். நல்ல கேபிளோடு வேறொரு கணினியில் அதே மானிட்டரை இணைத்து, முன்பு சொன்ன சிஸ் கோப்புறையிலிருந்து ஈடிஐடியை நகலெடுத்து, ஃபர்ம்வேர் கோப்புறைக்குள் ஈடிஐடி என்று ஒரு கோப்புறை உருவாக்கி வைத்து, டிஆர்எம் புள்ளி ஈடிஐடி ஃபர்ம்வேர் என்ற கெர்னல் அமைப்பில் போர்ட் பெயரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள். மானிட்டரின் விஜிஏ உள்ளீட்டுக்கும் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கும் ஈடிஐடி வேறு வேறு. விஜிஏ-வுக்கு வேண்டுமென்றால் விஜிஏ வழியாகவே எடுங்கள். அப்புறம், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்புத் தொகுப்பின் கட்டத்திலேயே டிரைவர் ஏறிவிடுவதால் இந்தக் கோப்பும் அதற்குள் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு கெர்னல் பழையபடி 1024-க்குப் போய்விடும்.

வேலை அதிகம்தான். ஆனால் மூன்றில் உறுதியானது இதுவே. சரியான 148.5 வரும், மானிட்டரின் பெயர் செட்டிங்ஸில் தெரியும், அளவு சரியாகத் தெரிவதால் எழுத்து அளவும் ஒழுங்காக இருக்கும். என் வரிசை: எக்ஸ்ரேண்டரில் சோதனை, படம் வந்தால் ஈடிஐடி கோப்பில் நிரந்தரம். நடுவில் இருக்கும் வீடியோ வரியை நான் அவசரத்துக்கு மட்டும்தான் பரிந்துரைப்பேன். 470 போட்டவர்களுக்கு இந்தக் கெர்னல் வழிகள் எக்ஸ்11-இல் பயன்படாது. எக்ஸ்ஆர்க் அமைப்புக் கோப்பில் கஸ்டம்ஈடிஐடி என்ற தேர்வில் அதே கோப்பைக் காட்ட வேண்டும்.

கார்டைக் கழற்றினால் என்ன?

ஐந்தில் இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு 1080 மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதுவே பல நேரம் நல்ல முடிவு. 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசஸரிலேயே 1920×1200 வரை கொடுக்கும் இன்டெல் கிராஃபிக்ஸ் உண்டு. அதற்கான ஐ915 டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. கெர்னலே ரெசல்யூஷனை மாற்றும் ஏற்பாடு 2009-இல் முதன்முதலில் வந்ததும் இன்டெலுக்குத்தான். கடிகார வேகம், ஃபர்ம்வேர், கிளை, ஆதரவு முடியும் நாள் என்று எந்தத் தலைவலியும் இல்லை. கார்டை எடுத்துவிட்டு, கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகி, பயாஸில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இயங்குகிறதா என்று பார்த்தால் முடிந்தது. ரேமில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி மட்டும் இருந்தால் அது உறுத்தும்.

இது முடியாத இடங்களும் உண்டு. பெயரின் முடிவில் எஃப் இருக்கும் இன்டெல் பிராசஸர்களில் கிராஃபிக்ஸ் இல்லை. ரைசனில் 7000 வரிசைக்கு முன்பு ஜி எழுத்து இல்லாத டெஸ்க்டாப் பிராசஸர்களிலும் இல்லை. இரண்டு மானிட்டருக்காகத்தான் கார்டு வாங்கினேன் என்றால், மதர்போர்டில் எத்தனை போர்ட் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புதிதாகக் காசு போடத் தயார் என்றால், பழைய என்விடியாவுக்குப் பதிலாக ஆர்எக்ஸ் 550 போன்ற ஏஎம்டி கார்டு நிம்மதி. ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015-இல் 4.2 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள் இருக்கிறது. ஏஎம்டி-யிலும் ஒரு முள் உண்டு. எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்த மூலநிரல் டிரைவரில் சேர்க்க எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் அனுமதி மறுத்துவிட்டது. எச்டிஎம்ஐ வழியே 4கே 120 ஹெர்ட்ஸ் எதிர்பார்த்து வாங்காதீர்கள், டிஸ்ப்ளேபோர்ட்டைப் பயன்படுத்துங்கள். 4கே 60-க்குத் தேவைப்படும் 594 மெகாஹெர்ட்ஸ் எச்டிஎம்ஐ 2.0-இன் 600 வரம்புக்குள் அடங்குவதால் அது வரைக்கும் சிக்கல் இல்லை. அதே கணக்கில் ஜிடி 710-இன் எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டுக்கு வரம்பு 340. 4கே மானிட்டரை அதில் செருகினால் பொதுவாக 30 ஹெர்ட்ஸ்தான்.

எந்த வழியில் போனாலும் கெர்னல் வரியை நேராகக் கிரப் கோப்பில் எழுதிவிடாதீர்கள். பூட் ஆகும்போது கிரப் மெனுவில் ஈ எழுத்தை அழுத்தினால் அந்த வரி திறக்கும். அங்கேயே மாற்றி எஃப்10 அழுத்தினால் அந்த ஒரு முறைக்கு மட்டும் அமலாகும். திரை கறுத்துவிட்டால் மறுபடி இயக்கினால் போதும், பழைய நிலைக்கு வந்துவிடும். டிரைவரை மாற்றிய பிறகு லாகின் திரையே வரவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்துங்கள். பெரும்பாலும் ஒரு டெக்ஸ்ட் கன்சோல் திறக்கும், அங்கிருந்து என்விடியா தொகுப்புகளை நீக்கிவிட்டு நூவோவுக்குத் திரும்பலாம். இந்தச் சாவிகளையும் நீக்கும் கட்டளையையும் வேலையைத் தொடங்கும் முன்பே போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.